வெங்காயத் தோலில் பச்சை எங்கே?

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம். நீ போனில் சொன்ன கேள்வியையே இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். "டீச்சர், வெங்காயத்தில் பச்சையே இல்லையே, அப்புறம் எப்படி இது தாவர செல்?" என்று, வெங்காயத் தோலை நுண்ணோக்கியில் பார்த்த உன் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கேட்டதாகச் சொன்னாயே, அந்தப் பிள்ளையை எல்லார் முன்னாலும் பாராட்டிவிடு கண்ணு. ஸ்லைடை உண்மையாகவே உற்றுப் பார்த்திருந்தால்தான் இப்படிக் கேட்கத் தோன்றும்.

வெங்காயத்தின் அடுக்குகள் உணவைச் சேமித்து வைக்கும் இலைகள். வெளிச்சம் வாங்கி உணவு தயாரிக்கும் வேலை அவற்றுக்கு இல்லாததால், அந்த வேலையைச் செய்யும் பச்சை நிறப் பசுங்கணிகமும் இல்லை. வேரின் செல்களும் அப்படித்தான். பச்சை தெரியவில்லை என்பதற்காக விலங்கு செல் என்று முடிவு கட்டக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடு.

அப்புறம், விலங்கு செல்லில் இல்லாத செல் சுவரைக் காட்டு. அயோடின் ஒரு சொட்டு விட்ட வெங்காயத் தோலை 100 மடங்கில் வைத்தாலே போதும். நீள நீளமான செல்கள், ஒன்றோடொன்று இடைவெளியில்லாமல் ஒட்டி, கோடு போட்டது போன்ற ஓரத்தோடு தெரியும். உட்கரு பழுப்பு நிறத்தில், பெரும்பாலும் ஓரமாக ஒதுங்கி இருக்கும். நடுவில் வெறுமையாகத் தெரிகிற இடம் முழுக்கச் செல் சாறு நிறைந்த பெரிய பை, அதாவது வாக்குவோல்; அதுதான் உட்கருவை ஓரம் தள்ளுகிறது. இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், நீ முந்திக்கொண்டு சொல்லாதே.

ஒப்பிட்டுப் பார்க்க விலங்கு செல்லாகக் கன்னத்தின் உட்புறச் செல்லை எடு; அதற்குச் சாயம் மெத்திலீன் நீலம். சுத்தமான பஞ்சுக் குச்சியால் மெதுவாகத் தேய்த்து எடுத்தால் போதும். ஒருவர் பயன்படுத்தியதை இன்னொருவர் தொடக் கூடாது, முடிந்ததும் கிருமிநாசினியில் போடச் சொல். இந்தச் செல்கள் வெங்காய செல்லைவிட மிகச் சிறியவை, ஒளி ஊடுருவக் கூடியவை. ஆகையால் நுண்ணோக்கியில் ஒளி வரும் திறப்பான டயஃப்ரத்தைச் சற்று மூடி வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைகள் "ஒன்றுமே இல்லை டீச்சர்" என்பார்கள். ஒழுங்கான வடிவம் கிடையாது. ஓரம் மடிந்து, ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிடக்கும், உட்கரு நடுவாக்கில் கருநீலமாக இருக்கும். கறுத்த விளிம்போடு கச்சிதமான வட்டம் ஒன்று தெரிந்தால் அது காற்றுக் குமிழி. எல்லா வகுப்பிலும் நாலு பேராவது அதைத்தான் செல் என்று வரைவார்கள்.

பாடநூல் அட்டவணையில், செல் பிரியும்போது உதவும் நுண்ணிய உறுப்பான சென்ட்ரியோல் விலங்கு செல்லில் உண்டு, தாவர செல்லில் இல்லை என்று இருக்கும். உங்கள் பள்ளி நுண்ணோக்கியில் 400 மடங்கில் வைத்தாலும் சென்ட்ரியோல் தெரியாது. தெரியாததை நோட்டில் வரைய வைக்காதே, அம்மா கேட்டுக்கொள்கிறேன். பார்த்ததை மட்டும் வரைந்த படம் கோணலாக இருந்தாலும் அதற்கு முழு மதிப்பெண் கொடு.

சுவர் உண்மையிலேயே தனியாக இருக்கிறது என்பதைக் கண்ணால் காட்ட, அடிப்பக்கம் ஊதாவாக இருக்கும் ரியோ செடியின் இலையைவிட நல்லது எதுவும் இல்லை. இலையின் அடிப்பக்கத்து ஊதாத் தோலை உரித்து வை, சாயமே வேண்டாம். மேலே மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்பின் ஒரு பக்கம் உப்புக் கரைசல் விட்டு, மறுபக்கம் வடிதாளால் உறிஞ்சு. 100 மில்லி தண்ணீருக்கு 5 கிராம் உப்பு சரியாக இருக்கும். சில நிமிடங்களில் ஊதா நிறம் சுவரை விட்டு விலகி உள்ளே சுருங்கும், சுவர் மட்டும் அசையாமல் அப்படியே நிற்கும். அதுவரை சுவரோடு ஒட்டியிருந்ததால் பிரித்துப் பார்க்க முடியாத செல் சவ்வு எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் புரியும். பிறகு நல்ல தண்ணீர் விட்டால் நிறம் மறுபடி விரிந்து சுவரைத் தொடும். கன்னத்துச் செல்லுக்கு இப்படி நிற்க ஒரு சுவர் கிடையாது. எத்தனை வருடம் பார்த்தாலும் எனக்கு இது அலுத்ததில்லை.

சுவர் இருந்தாலே தாவரமா என்று யாராவது கேட்டால், காளானுக்கும் பாக்டீரியாவுக்கும்கூடச் சுவர் உண்டு, ஆனால் அது வேறு பொருளால் ஆனது என்று சொல். எட்டாம் வகுப்புக்கு அவ்வளவு போதும்.

நேரம் இருந்தால் கதையும் சொல். 1665-இல் ராபர்ட் ஹூக் தக்கையில் பார்த்தது உயிரற்ற செல்களின் வெறும் சுவர்களைத்தான். தாவரங்கள் செல்களால் ஆனவை என்று ஜெர்மன் தாவரவியலாளர் ஷ்லைடன் 1838-இல் எழுதினார். விலங்குகளும் அப்படித்தான் என்று ஜெர்மன் உடலியலாளர் ஷ்வான் அடுத்த வருடமே எழுதினார். தவளைக் குஞ்சின் முதுகுநாணில், அதாவது முதுகில் ஓடும் தண்டு போன்ற பகுதியில், அவர் கண்ட உட்கரு, ஷ்லைடன் தாவர செல்லைப் பற்றிச் சொன்னதோடு ஒத்துப்போனது. வேறுபாட்டை அட்டவணை போடுவதற்கு முன் இந்த ஒற்றுமையையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

அடுத்த வாரம் அப்பா அந்தப் பக்கம் வருகிறார். நம் வீட்டு ரியோவிலிருந்து ஒரு பக்கக் கன்றைத் தொட்டியில் வைத்துக் கொடுத்து அனுப்புகிறேன். ஆய்வக ஜன்னலோரம் வை, தண்ணீர் தேங்க விடாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா