ரெவல்ஸ்ரோக்கோடு திரும்புங்கள்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய மேற்குக் கனடா ஸ்கீப் பயணத் திட்டத்தைப் பார்த்தேன், பனிமலையில் சறுக்கப் போகிறீர்கள். வினிப்பெக்கில் தொடங்கி ரெஜைனா, கல்கரி, லேக் லூயிஸ், கோல்டன், ரெவல்ஸ்ரோக், கடைசியில் வன்கூவர். திரும்பி வருவதும் அதே பாதைதான். நாலு பேர், ஒரு பழைய வான், பெப்ரவரி விடுமுறையில் ஒன்பது நாள். செலவைச் சதக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறாய். அம்மாவிடம் காட்டினேன். "இந்தக் குளிருக்குள்ள மலையேறப் போறதுக்கு, வீட்டை வந்து வடிவா நித்திரை கொள்ளலாமே" என்றாள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். போய் வாருங்கள். அந்தப் பாதையில் எத்தனையோ குளிர்காலம் லொறி ஓட்டியவன் என்ற உரிமையில் கொஞ்சம் எழுதுகிறேன்.

சாப்பாட்டுக் கணக்கு எனக்குப் பிடித்தது. சமையலறை உள்ள விடுதியாகப் பார்த்து எடுத்திருக்கிறீர்கள், நல்லது. அரிசி, பருப்பு, ரின்மீன், அம்மா தரும் கட்டைச் சம்பல் இருந்தால் மலையடி உணவகங்களின் பக்கமே போகத் தேவையில்லை. மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்ட் ரிக்கெட்டை அங்கே போய் வரிசையில் நின்று வாங்காமல் இப்போதே இணையத்தில் வாங்கி வையுங்கள், மலிவாக வரும். ஸ்கீக் கட்டை பழசானாலும் பரவாயில்லை. சப்பாத்து மட்டும் காலுக்குச் சரியாக இருக்கவேண்டும்; இல்லாவிட்டால் முதல் நாளே நகம் கறுத்து, மிச்ச நாளெல்லாம் விடுதியில் இருந்து மற்றவர்களுக்குச் சமைத்துக்கொண்டிருப்பாய். ஜீன்ஸ் போட்டே சறுக்குவேன் என்கிற உன் சிநேகிதனிடம் சொல்: பருத்தி நனைந்தால் லேசில் காயாது, குளிர் எலும்புவரை இறங்கும்.

ரயரில் கஞ்சத்தனம் வேண்டாம். வினிப்பெக் இருக்கிற மானிடோபா மாகாணத்தில் குளிர்கால ரயர் கட்டாயமில்லை. கோல்டனிலிருந்து வன்கூவர் வரை நீங்கள் போகும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் மலைப்பாதைகளில் ஒக்ரோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை கட்டாயம். ரயரின் பக்கவாட்டில் மலையும் பனித்துளிப் பூவும் சேர்ந்த குறி இருக்கும், அதைப் பார். 'எம் பிளஸ் எஸ்' (சேறும் பனியும்) என்ற எழுத்து இருந்தாலும் அங்கே சட்டப்படி ஓடலாம், வெட்டின் ஆழம் 3.5 மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருந்தால் போதும். ஆனால் எல்லாப் பருவத்துக்கும் என்று விற்கிற சாதாரண ரயரிலும் அந்த எழுத்து இருக்கும். ஐஸில் வண்டியை நிறுத்தப்போவது சட்டம் இல்லை, ரயர்தான். அதனால் மலைக்குறி உள்ளதையே போடுங்கள்.

கல்கரி வரை நேர் ரோட்டு, அலுப்புத்தான் எதிரி. காற்றும் பனியுமாகி எங்காவது மாட்டிக்கொண்டால் இறங்கி நடக்கக்கூடாது. வானுக்குள்ளேயே இருங்கள். எஞ்சினை இடையிடையே கொஞ்ச நேரம் மட்டும் ஓடவிடுங்கள், அதற்கு முன்னால் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அள்ளி அகற்றிவிடுங்கள். குழாய் அடைபட்டால் கார்பன் மொனொக்சைட் உள்ளே வரும், மணமே தெரியாது.

என் யோசனையெல்லாம் கோல்டனுக்கும் ரெவல்ஸ்ரோக்குக்கும் நடுவிலுள்ள ரோஜர்ஸ் கணவாயைப் பற்றித்தான். 1910 மார்ச் 4 இரவு அங்கே ஒரு பனிச்சரிவு தண்டவாளத்தை மூடியிருந்தது. அதை அகற்றப் போன ரயில்வேத் தொழிலாளர்கள்மேல் எதிர்ப்பக்க மலையிலிருந்து இன்னொன்று விழுந்தது. 58 பேர் செத்துப்போனார்கள், அதில் 32 பேர் ஜப்பானியர்கள். அப்புறம் கொனோட் சுரங்கத்தைக் குடைந்து, 1916இல் ரயிலை மலைக்கு அடியால் விட்டார்கள். 1962இல் திறந்த நெடுஞ்சாலை இன்னும் மேலாலேதான் போகிறது.

பனி அதிகமாகச் சேர்ந்தால் ரோட்டை மூடிவிட்டு, இராணுவம் 105 மில்லிமீற்றர் பீரங்கியால் மலைச்சரிவைச் சுடும். பெரிதாக வந்து விழ முன்னம் சிறிதாக இறக்கிவிடுகிற வேலை அது. முதன்முதலில் அந்தச் சத்தத்தைக் கேட்டபோது எனக்கு ஊர் ஞாபகம் வந்து கை நடுங்கியது. பக்கத்து லொறிக்காரன் கோப்பி குடித்துக்கொண்டிருந்தான். சில நேரம் கொஞ்ச நேரத்தில் திறந்துவிடுவார்கள், சில நேரம் ஒரு நாளே போய்விடும். பனிச்சரிவுப் பகுதி, நிற்கக்கூடாது என்ற பலகை உள்ள இடத்தில் படம் எடுக்க நிறுத்தாதீர்கள்.

இப்போது உன் திட்டத்தைத் திரும்பப் பார். ஒன்பது நாளும் நிரம்பி இருக்கிறது. கணவாய் ஒரு நாள் மூடினால் எங்கேயிருந்து அந்த நாளை எடுப்பாய்? இரவோடு இரவாக ஓட்டித்தான் எடுப்பாய், திங்கள் வகுப்பு இருக்கிறதே. மேற்கே போகும்போது நேர வித்தியாசத்தில் கிடைக்கிற நேரமும் திரும்பும்போது பறிபோய்விடும். லொறிக்காரருக்கு இவ்வளவு மணிக்குமேல் ஓட்டக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. இருபது வயதுக்காரருக்கு யாரும் சட்டம் போடவில்லை.

அதனால் வன்கூவரை விட்டுவிடுங்கள். ரெவல்ஸ்ரோக்கிலிருந்து அங்கே போய்வர ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல். அந்தப் பெற்றோல் காசும் இரண்டு நாளும் மிச்சம். பெப்ரவரி வன்கூவரில் மழையைத் தவிர என்ன இருக்கிறது? ரெவல்ஸ்ரோக் மலையில் உச்சியிலிருந்து அடிவரை 1,713 மீற்றர் இறக்கம், வட அமெரிக்காவின் ஸ்கீ மலைகளில் அதுதான் பெரிசு. ஒரு நாளை அங்கே கூடுதலாக வையுங்கள், மற்ற நாளை எதற்கும் ஒதுக்காமல் வெறுமனே விடுங்கள். பசிபிக் கடலைப் பார்க்காமல் வந்தால் நாட்டைக் கடந்ததாகாது என்று உன் கூட்டாளிகள் சண்டைக்கு வருவார்கள், தெரியும். கோடையில் போகட்டும்.

மரங்களுக்கிடையில் தனியாக இறங்காதே. பெரிய மரத்தின் அடியில், கிளைகளுக்குக் கீழே, பனி இறுகாமல் குழியாக இருக்கும். தலைகீழாக விழுந்தால் தானாக வெளியே வருவது கஷ்டம். மற்றவர் கண்ணில் படுகிற தூரத்தில் இருங்கள். கயிறு கட்டி மூடிய பக்கம் போகவே வேண்டாம்.

வானின் ரயர் அளவைப் படமெடுத்து அனுப்பு. நாலுக்குமான காசில் பாதியை நான் போடுகிறேன், மீதியை நீங்கள் நாலு பேரும் பிரித்துக்கொள்ளுங்கள். சம்பல் போத்தல் வெள்ளிக்கிழமை தபாலில் வரும்.

அன்புடன்,
அப்பா