நோர்வேத் தமிழ்ச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நிர்வாகிகளுக்கும் வட்ஸ்அப் குழும அட்மின்களுக்கும் வணக்கம்.

மரண அறிவித்தல், கோயில் திருவிழா, பிள்ளைகளின் அரங்கேற்றம் என்று வந்துகொண்டிருந்த நம் குழுமங்களில் இப்போது வேறொன்றும் வருகிறது. ஒஸ்லோவை முஸ்லிம்கள் பிடித்துவிட்டார்கள், ஐரோப்பாவே போகப்போகிறது என்று நோர்வேஜிய மொழியில் யாரோ எழுதியது. கீழே நம் ஆட்கள் கட்டைவிரல் காட்டுகிறார்கள். ஒஸ்லோவின் குரொன்லாண்ட் பகுதியில் பாகிஸ்தானியர் கடையில் முருங்கைக்காயும் ஆட்டிறைச்சியும் வாங்கிச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, அன்றிரவே இதை அனுப்புகிறார்கள். எனக்கு மனம் பொறுக்கவில்லை.

இந்தக் கதை புதிதல்ல. ‘ஃபியோர்ட்மன்’ என்ற புனைபெயரில் ஒரு நோர்வேஜியர் வலைப்பதிவுகளில் இதையேதான் வருடக்கணக்காக எழுதினார். தலைவர்கள் கண்டத்தை முஸ்லிம்களுக்குத் தாரைவார்க்கிறார்கள், அது ‘யூரேபியா’ ஆகிறது என்றார். பிறகு 77 பேரைக் கொன்ற பிரெய்விக் என்ற நோர்வேஜியன் அந்தக் கட்டுரைகள் பலவற்றை அப்படியே எடுத்து, சுமார் 1500 பக்கம் வரும் தன் அறிக்கையில் சேர்த்தான். கட்டுரைகளை எழுதியவர் அந்தக் கொலைகளைக் கண்டித்தார், அவர்மேல் வழக்கும் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் 2011 யூலை 22 அன்று ஒஸ்லோவில் பிரெய்விக் வைத்த குண்டு வெடித்து 8 பேர் இறந்தார்கள். உத்தோயாத் தீவில் அவனுடைய துப்பாக்கித் தாக்குதலில் 69 பேர். தொழிற்கட்சியின் இளைஞர் முகாம் நடந்த இடம் அது. நாட்டை விற்ற துரோகிகள் என்று அவன் குறித்துவைத்த கட்சி. இறந்தவர்களில் 14 வயதுப் பிள்ளைகளும் உண்டு.

அந்தத் தீவில் நம் பிள்ளையும் இருந்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்த கம்சாயினி குணரத்தினம் தண்ணீரில் இறங்கி நீந்தித் தப்பினார். 2015இல் அவர் ஒஸ்லோவின் துணை மேயரானபோது இதே குழுமங்களில்தான் அவர் படத்தைப் பகிர்ந்து பெருமைப்பட்டோம்.

அப்புறம் 2019 ஒகஸ்ட் 10. ஒஸ்லோவுக்கு அருகே பாரும் பகுதியின் அல்-நூர் பள்ளிவாசலுக்குள் துப்பாக்கியோடு நுழைந்தவனை 65 வயது முதியவர் ஒருவர் பாய்ந்து விழுத்தினார். அங்கே யாரும் சாகவில்லை. அதற்கு முன்பே வீட்டில் தன் 17 வயது மாற்றுச் சகோதரியைக் கொன்றுவிட்டுத்தான் அவன் வந்திருந்தான். அவர் சீனாவிலிருந்து தத்தெடுக்கப்பட்டவர். அந்தப் பிறப்புக்காகவே கொல்லப்பட்டார்.

“முஸ்லிம்களைத்தானே சொல்கிறான், எங்களை இல்லையே” என்று ஒரு மாமா என்னிடம் சொன்னார். அந்தப் பிரிப்பு நம் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. நாட்டின் வடகோடியில் உள்ள பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் குளிரில் நின்று உழைத்த நம் மூத்தவர்களும் அந்தக் கணக்கில் வந்தேறிகள்தான். சரி, நமக்கு ஒன்றும் ஆகாது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அடுத்த வீட்டுக்காரனைப் பற்றிப் பொய்யும் பயமும் பரப்புவது தப்புத்தான்.

குடிவரவுச் சட்டத்தைப் பற்றி வாதிடுங்கள், மதத்தை விமர்சியுங்கள். அதற்கு எல்லோருக்கும் உரிமை உண்டு. ஒரு சமூகத்தையே எதிரியாகக் காட்டும் பதிவுகளை மட்டும் நீக்கிவிடுங்கள், அனுப்பியவரிடம் ஏன் என்றும் சொல்லுங்கள். யூலை 22 ஏன் நடந்தது என்று நம் தமிழ்ப் பள்ளிகளின் மேல்வகுப்புகளில் ஒரு பாடமாவது வையுங்கள். அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுவீர்கள் என்று நம்புகிறேன். கூப்பிட்டால் நானும் வருகிறேன்.

அன்புடன்,
ஒஸ்லோவிலிருந்து ஓர் உறுப்பினர்