ஹம்பிப் பயணத்தில் அந்த ‘+1’ நான்தான்

அனுப்புநர்:
பெயர், முகவரி, கைபேசி எண் எல்லாம் உங்கள் முன்பதிவுப் படிவத்திலேயே உள்ளன.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தங்கள் சுற்றுலா நிறுவனம், சென்னை.

பொருள்: 2025 ஜனவரி 17 முதல் 19 வரை ஹம்பிக்குத் தனிப்பயணியாகச் சென்றதில் ஏற்பட்ட குறைகள், பணத்தைத் திருப்பிக் கேட்டல்.

ஐயா / அம்மையீர்,

எனக்கு 61 வயது. ஒரு கூட்டுறவு வங்கியில் 33 ஆண்டுகள் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். அதனால் இந்தக் கடிதத்தில் ரூபாயும் நிமிடமும் கொஞ்சம் கூடுதலாகவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் விளம்பரத்தில் “தனியாகப் பயணிக்கும் பெண்களுக்கான ஹம்பி” என்று இருந்தது. தனி வண்டி, அரசு அங்கீகாரம் பெற்ற வழிகாட்டி, ஹம்பியிலேயே தங்கல், நுழைவுக் கட்டணம் உட்பட 16,800 ரூபாய். ஒரே ஆள் என்பதால் ‘சிங்கிள் ஆக்குபன்சி’ என்று இன்னொரு 4,500. ஒருத்தி வந்தாலும் அறைக்கு முழு வாடகைதானே, நியாயம் என்று நினைத்து 21,300 ரூபாயையும் முன்கூட்டியே கட்டினேன்.

17ஆம் தேதி காலை ஹம்பி எக்ஸ்பிரஸில் ஹொசப்பேட்டையில் இறங்கினேன். வண்டி இல்லை. 1 மணி 50 நிமிடம் பிளாட்பாரத்து பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தால், “மேடம், நீங்க ஒரு ஆள்தானே, பெங்களூர்லேர்ந்து ஒரு ஃபேமிலி வந்துட்டு இருக்காங்க, அவங்களோட சேர்ந்தே போயிடலாம்” என்றார் ஒரு பெண். தனி வண்டிக்குப் பணம் கட்டியிருக்கிறேனே என்றேன். “அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க மேடம்” என்று வைத்துவிட்டார்.

வண்டி வந்ததும் ஓட்டுநரின் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தேன். அதில் “பெங்களூரு 5 + 1” என்று எழுதியிருந்தது. அந்த ஒன்று நான். பெயர்கூட இல்லை. மூன்று நாளும் கடைசி இருக்கையில், குழந்தையின் மடக்கு வண்டிக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவில்தான் என் இடம். அந்தக் குடும்பத்தின் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவர்களிடமும் நீங்கள் சொல்லவில்லையாம். பாவம், வழியெல்லாம் முறுக்கு கொடுத்துக்கொண்டே வந்தார்கள்.

அறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹம்பியில் அல்ல, அங்கிருந்து 13 கிலோமீட்டர் தள்ளி ஹொசப்பேட்டையில் கிடைத்தது. கதவுத் தாழ்ப்பாளின் கொக்கி கழன்று தொங்கியது. சொல்லியும் இரண்டு நாள் யாரும் வரவில்லை. இரண்டு இரவும் நாற்காலியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் படுத்தேன். “தனியாகப் பயணிக்கும் பெண்களுக்கான” என்ற வரியை எழுதியவருக்கு இந்தப் பத்தியை மட்டுமாவது படித்துக் காட்டுங்கள்.

அப்புறம் வழிகாட்டி. அவர் கழுத்தில் எந்த அடையாள அட்டையும் இல்லை. ஓட்டுநரின் மைத்துனர் என்று பிற்பாடு தெரிந்தது. விட்டலர் கோயிலின் கல் தேர் ஒரே கல்லில் செதுக்கியது என்றார். தேரின் உடம்பில் கற்களைப் பொருத்திய கோடு கண்ணுக்கு நேராகவே தெரிகிறது. முன்னால் நிற்கும் இரண்டு யானைகளும் தேரின் அளவுக்குச் சேராமல் சின்னதாக இருக்கின்றனவே, ஏன் என்று கேட்டேன். சிரித்தார். முதலில் அங்கே இருந்தவை குதிரைகள். யானைகளுக்குப் பின்னால் அவற்றின் வாலும் பின்னங்காலும் இன்னும் மிச்சமிருக்கின்றன. நான் படித்துவிட்டுப் போனதால் தெரிந்தது. 50 ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் இருக்கும் தேர்தான் அது. நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்க்க ஆசைப்பட்டேன். அதற்குள் காவலர் விசில் ஊதிவிட்டார். ஏனென்றால் எங்களைச் சாயங்காலம் மூடும் நேரத்துக்குத்தான் கொண்டுபோய் விட்டார்கள். பேட்டரி வண்டி வரிசையில் நின்றது 35 நிமிடம், தேரைப் பார்த்தது 11 நிமிடம். இசைத் தூண்களைத் தட்டக் கூடாது என்பது சரிதான், தட்டித் தட்டியே தேய்ந்தவை அவை. அதற்குப் பதிலாக உங்கள் வழிகாட்டி செல்போனில் ஒரு வீடியோ போட்டுக் காட்டினார். அதை நான் நங்கநல்லூரில் உட்கார்ந்தே பார்த்திருப்பேனே.

கர்நாடக இசையின் ஆரம்பப் பாடமான சரளி வரிசையை வகுத்தவர் என்று சொல்லப்படும் புரந்தரதாசரின் ஆற்றோரத்து மண்டபம் உங்கள் அட்டவணையிலேயே அச்சாகியிருக்கிறது. சின்ன வயதில் அதைப் பாடியவர்களுக்கு அந்த இடம் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. “இருட்டிடுச்சு மேடம்” என்பதோடு அது முடிந்தது.

இதோடு போயிருந்தால்கூட முணுமுணுத்துவிட்டு விட்டிருப்பேன். இந்தக் கடிதத்தை எழுத வைத்தது கிருஷ்ணர் கோயில்.

விருபாட்சர் கோயிலிலிருந்து கமலாபுரம் போகும் சாலையின் ஓரத்திலேயே இருக்கிறது அது. நெல்லூர்ப் பக்கத்து உதயகிரிக் கோட்டையை ஒடிசாவை ஆண்ட கஜபதி மன்னர்களிடமிருந்து பிடித்த வெற்றிக்காகக் கிருஷ்ணதேவராயர் கட்டியது. உதயகிரியிலிருந்து கொண்டுவந்த பாலகிருஷ்ணர் சிலையை அங்கே வைத்தார். அந்தச் சிலை இப்போது சென்னையில், எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. என் அலுவலகத்திலிருந்து நடக்கும் தூரம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எத்தனையோ முறை போய் அதன் முன்னால் நின்றிருக்கிறேன். இந்தப் பிள்ளை எங்கேயிருந்து வந்ததோ அந்த வீட்டை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதுதான் நான் ஹம்பிக்கே கிளம்பியதன் காரணம். முன்பதிவு செய்த அன்றே உங்கள் ஊழியரிடம் இதைச் சொன்னேன். “குறிச்சுக்கிட்டேன் மேடம்” என்றார்.

அந்தக் கோயில் வாசலை எங்கள் வண்டி மூன்று முறை கடந்தது. மூன்று முறையும் நிறுத்தச் சொன்னேன். முதல் முறை “திரும்பி வரும்போது.” இரண்டாவது முறை “குழந்தை தூங்குது மேடம்.” மூன்றாவது முறை “நாளைக்குக் காலையில அதான் ப்ரோக்ராமே.” இதே நாளில் ஒரு கைவினைப் பொருள் கடையில் 55 நிமிடம் நின்றோம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கடை அட்டவணையில் இல்லை.

மறுநாள் காலையில் கிருஷ்ணர் கோயில், உக்கிர நரசிம்மர், படவிலிங்கம் மூன்றையும் எடுத்துவிட்டுத் துங்கபத்ரா அணை என்றார்கள். குழந்தைகள் கேட்டார்களாம். அணை பார்க்க வேண்டிய இடமில்லை என்று சொல்லவில்லை. 2024 ஆகஸ்டில் 19ஆவது மதகு சங்கிலி அறுந்து அடித்துக்கொண்டு போன அணை, எனக்கும் பார்க்க ஆசைதான். ஆனால் நான் பணம் கட்டியது அதற்கில்லை. ஹோட்டல் வாசலிலேயே இறங்கி ஒரு ஆட்டோ பிடித்தேன். போக வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து 650 ரூபாய்.

போனேன். கோபுரத்துச் சுதையில் குதிரைகளும் கேடயம் பிடித்த வீரர்களும் அரைகுறையாக மிஞ்சியிருக்கிறார்கள். முற்றத்தில் ஓர் ஆளைவிட உயரமான கல்வெட்டுப் பலகை. உள்ளே போகப் போக வௌவால் வாடை. கருவறையில் ஒன்றுமில்லை, வெறும் இருட்டு. எழும்பூரில் சீட்டு வாங்கி எடுத்த படத்தைப் போனில் திறந்து, அந்த வாசலுக்கு நேராகச் சிறிது நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆட்டோக்காரத் தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பக்கத்தில் நின்றார், எதுவும் கேட்கவில்லை. பிறகு நரசிம்மரையும் தண்ணீருக்குள் நிற்கும் லிங்கத்தையும் அவரே காட்டினார். அங்கீகாரம் பெற்ற வழிகாட்டி என்று நீங்கள் விளம்பரத்தில் எழுதியது இப்படி ஒருவரைத்தான் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

சரி, கணக்குக்கு வருகிறேன். தனி ஆள் என்று வாங்கிய 4,500, ரசீதில் வழிகாட்டிக்கென்று காட்டியிருக்கும் 1,800, ஆட்டோ 650, இவற்றோடு நுழைவுச் சீட்டு 80. தொல்லியல் துறையின் 40 ரூபாய்ச் சீட்டு ஒன்று எடுத்தால் அதே நாளில் தாமரை மகாலுக்கும் விட்டலர் கோயிலுக்கும் செல்லும். நீங்கள் இரண்டையும் இரண்டு நாளாகப் பிரித்ததால் இரண்டு சீட்டு ஆனது, இரண்டையும் நான்தான் வாங்கினேன். மொத்தம் 7,030 ரூபாய். எண்பது ரூபாய்க்கா இந்தப் பாடு என்று நினைக்க வேண்டாம். தாளில் இருக்கிற தொகையை விட்டுவிட்டுப் பழக்கமில்லை.

கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் இந்தத் தொகையை என் வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். தனி வண்டியை ரத்து செய்ய யார் முடிவெடுத்தார்கள், என்னிடம் ஏன் கேட்கவில்லை என்பதற்கு எழுத்தில் பதிலும் வேண்டும். தள்ளுபடிக் கூப்பன் அனுப்பாதீர்கள். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம், வக்கீல் இல்லாமல் நானே பேசலாம், இந்தத் தொகைக்கு மனுக் கட்டணமும் கிடையாது. எனக்கு இப்போது நேரம் நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பணம் கட்டிய ரசீது, அச்சிட்ட பயண அட்டவணை, நுழைவுச் சீட்டுகள் 2, தாழ்ப்பாளின் படம், ஓட்டுநரிடம் இருந்த தாளின் படம்.

பி.கு.: ஓட்டுநரின் சம்பளத்தில் கை வைத்துவிடாதீர்கள். “5 + 1” என்ற அந்தத் தாள் உங்கள் அலுவலகத்தில் தட்டச்சு செய்தது.