குடிக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சமையலறைக் கழிவில் ‘என்சைம்’ என்ற புளித்த நீரைத் தயாரிக்கும் முறையை உங்கள் இதழில் வெளியிட்டிருந்தீர்கள். எங்கள் பட்டர்வொர்த் பக்கம் அதைப் போடாத வீடு குறைவு. நாட்டுச்சர்க்கரை ஒரு பங்கு, பழத்தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, மூன்று மாதம் ஊறல். நானும் போடுகிறேன். முதல் மாதம் மூடியைத் திறந்து காற்றை வெளியேற்ற மறந்துவிட்டேன். மூடி பறந்து, அன்னாசித் தோல் கூரையில் ஒட்டிக்கொண்டது. ஏணி போட்டுச் சுரண்டிய என் கணவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. மற்றபடி குப்பை குறைகிறது, தரையும் துடைக்கலாம்.

ஆனால் சென்ற வாரம் ஒரு விருந்தில் அதே நீரை ஒருவர், “உயிருள்ள என்சைம், தினம் இரண்டு மூடி குடித்தால் நீரிழிவு ஓடிப்போகும்” என்று நீட்டினார். அந்த வீட்டுப் பெரியம்மா அதை நம்பி மாத்திரையை நிறுத்தியிருந்தார்.

என்சைம் என்றால் நொதி, வேதிவினைகளை விரைவுபடுத்தும் பொருள். அதற்கு உயிர் கிடையாது. 1897-இல் ஜெர்மன் வேதியியலாளர் எட்வர்ட் புக்னர், ஈஸ்ட்டை மணலோடு அரைத்துப் பிழிந்த, உயிரணு இல்லாத வெறும் சாறே சர்க்கரையை நொதிக்க வைப்பதைக் காட்டினார். 1907-இல் நோபல் பரிசும் பெற்றார். நொதிகள் பெரும்பாலும் புரதங்கள். பினாங்குத் தீவில் ஆயர் ஈத்தாமிலிருந்து பாலிக் புலாவ் ஊருக்குச் செல்பவர் கொடிமலை உச்சியில் ஏறி இறங்க வேண்டியதில்லை, தாழ்வான சாலை இருக்கிறது. வேதிவினைக்கு நொதி காட்டுவதும் அப்படியொரு தாழ்வான வழிதான். சேரும் ஊர் மாறுவதில்லை. ஆனால் வேகம்? டி.என்.ஏ.வுக்கான மூலப்பொருள் ஒன்றை உருவாக்கும் வினை, நொதியின்றி பாதியளவு நடக்கவே சுமார் 7.8 கோடி ஆண்டுகள் ஆகும். நம் உடலில் ஒரே நொதி மூலக்கூறு அதை ஒரு விநாடியில் பலமுறை செய்துவிடுகிறது.

நொதிக்கு ஒரு வேலைதான் தெரியும், சூடும் ஆகாது. வேகவைக்காத அன்னாசி போட்ட ஜெலட்டின் ஜெல்லி உறையாது, பழத்தின் நொதி ஜெலட்டின் என்ற புரதத்தை அறுத்துவிடும். கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகர் புரதமல்ல, அதனால் உறைந்துவிடும். டின் அன்னாசி என்றால் ஜெலட்டினும் உறையும். கொதித்ததில் நொதி கெட்டிருக்கும்.

மூன்று மாதப் பாட்டிலில் மிஞ்சுவது பெரும்பாலும் புளித்த அமிலம், கிட்டத்தட்ட வினிகர். அதில் நொதி கொஞ்சம் தப்பியிருந்தாலும், வயிறு அதை முட்டை, பருப்பைப் போலவே செரித்துவிடும்.

இந்தத் தயாரிப்பு முறையை மீண்டும் வெளியிடும்போது, “குடிப்பதற்கு அல்ல” என்ற ஒரு வரியைத் தடித்த எழுத்தில் சேர்த்துப் போடுங்கள்.

ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
பட்டர்வொர்த், பினாங்கு