செயலாளரின் ஆண்டறிக்கை: உறுப்பினர் சேர்க்கையும் பொதுமக்கள் பங்கேற்பும்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பார்வையற்றவர்களுக்கும், அச்சிட்ட புத்தகத்தைப் படிக்க இயலாத மற்றவர்களுக்கும் வாசிப்பில் துணைநிற்கும் நம் சங்கத்தின் ஓராண்டுப் பணியை உங்கள் முன் வைக்கிறேன். முதலில், இந்த ஆண்டு நம்மைவிட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினர்களுக்கு நம் அஞ்சலி. அவர்களில் சிலரின் குரல் நம் ஒலிநூல்களில் இருக்கிறது. அந்தப் பதிவுகளைக் கேட்பவர்கள் இன்றும் அவர்களை விசாரிக்கிறார்கள்.

செயற்குழு தவறாமல் கூடியது. தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். உறுப்பினர் பதிவேடு மேசையில் இருக்கிறது; யாரும் பார்க்கலாம்.

சென்ற பொதுக்குழு செயற்குழுவிடம் ஒப்படைத்த முதன்மையான வேலை, உறுப்பினர்களைப் பெருக்குவதும் சங்கத்துக்கு வெளியே இருப்பவர்களை நம் பணிக்குள் கொண்டுவருவதும். இந்த அறிக்கையின் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

“தன்னார்வலர்கள் தேவை” என்று பொதுவாக அறிவிப்பு வைப்பதை இந்த ஆண்டு நிறுத்தினோம். செயற்குழுவில் உளவியல் படித்த உறுப்பினர் ஒருவர், ஜான் டார்லி, பிப் லடானே ஆகிய இருவரும் 1968-இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துச் சொன்னார். பக்கத்து அறையில் ஒருவர் வலிப்பு வந்து தவிப்பதாக ஒலிபெருக்கி வழியே கேட்கவைத்தார்கள். கேட்பது தான் ஒருவர் மட்டுமே என்று நம்பியவர்களில் 85 சதவீதம் பேர் அந்தக் குரல் அடங்குவதற்குள் உதவி தேடி எழுந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 சதவீதம் பேர்தான் எழுந்தார்கள். மனம் இல்லாததால் அல்ல, வேறு யாராவது போவார்கள் என்ற எண்ணத்தால். பொது அறிவிப்புக்கும் இதே கதிதான். எல்லோரையும் அழைத்தால், தன்னை அழைத்ததாக ஒருவரும் எடுத்துக்கொள்வதில்லை.

ஆகவே ஆளைப் பார்த்து, வேலையைச் சொல்லிக் கேட்கத் தொடங்கினோம். “சங்கத்தில் சேருங்கள்” என்று கேட்கவில்லை. “இந்தப் பாடப்புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயம் மட்டும் பிழை பார்க்க வேண்டும், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துத் தருவீர்களா?” என்று கேட்டோம். வேலையின் அளவும் கெடுவும் தெரிந்தால் மறுப்பவர்கள் குறைவு. ஓர் அத்தியாயம் முடித்தவர் அடுத்ததைத் தானாகவே கேட்டு வாங்குகிறார். சந்தாப் படிவத்தை அதற்குப் பிறகுதான் நீட்டுகிறோம். இந்த ஆண்டுப் புதிய உறுப்பினர்களில் பெரும்பாலோர் இப்படி வந்தவர்கள்.

பிழை பார்ப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம்மிடம் வருபவர்கள் எல்லோரும் புத்தகம் வாசித்துப் பதிவு செய்யத்தான் விரும்புகிறார்கள். ஆனால் தேங்கி நிற்பது வேறு இடத்தில். புத்தகத்தை ஸ்கேன் செய்து, படத்தில் உள்ள எழுத்துகளைக் கணினி எழுத்தாக மாற்றும் எழுத்துணரி மென்பொருளில் கொடுத்தால், துணைக்கால் பல இடங்களில் ‘ர’ ஆகிவிடுகிறது. ‘பால்’ என்பது ‘பரல்’ ஆகும். ‘கால்’ என்பது ‘கரல்’ ஆகும். கண்ணால் படிப்பவர் அதைக் கவனிக்காமலே தாண்டிவிடுவார். கணினித் திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் இருப்பதை இருப்பதாகவே உச்சரிக்கும். தேர்வுக்குப் படிக்கும் மாணவி ஒரு சொல்லை எழுத்தெழுத்தாக நகர்த்திக் கேட்டு, என்னவாக இருக்கும் என்று ஊகிக்கிறார். ஒரு பக்கத்தில் இருபது இடம் இப்படி இருந்தால் அவர் பாடத்தைப் படிப்பது எப்போது?

பழைய பதிப்புகளில் சிக்கல் இன்னும் கூடுதல். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் ணா, றா, னா, லை, ளை போன்றவை பழைய வடிவில் இருக்கும். மென்பொருள் அங்கே தடுமாறுகிறது. இளைய உறுப்பினர்கள் சிலரும் தடுமாறினார்கள். அந்த எழுத்திலேயே படித்து வளர்ந்த முதியவர்களைத் தேடிப் போய்க் கேட்டோம். “இந்த வயதில் என்னால் என்ன ஆகும்?” என்று தயங்கியவர்கள் இன்று நம் பழைய நூல் பிரிவை நடத்துகிறார்கள். வெளியே வர முடியாதவர்களுக்குப் பக்கங்களைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து வீட்டுக்கே அனுப்புகிறோம். சிவப்பு மையில் திருத்தம் போட்டுத் திருப்பித் தருகிறார்கள்.

தேர்வில் சொல்வதை எழுதும் ஸ்கிரைப் பணி நம்மை வேறொரு பக்கம் இழுத்துச் சென்றது. சில தேர்வுகளில் ஸ்கிரைப்பின் கல்வித் தகுதி தேர்வரைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பது விதி. பட்டதாரிகள் நிறைந்த நம் பட்டியல் அங்கே உதவவில்லை. பள்ளிகளுக்குச் சென்று, பெற்றோரின் எழுத்துபூர்வமான சம்மதத்துடன் மேல்வகுப்பு மாணவர்களைச் சேர்த்தோம். சொன்னதை மட்டும் எழுதுவது, விடை தெரிந்தாலும் வாய் திறக்காமல் இருப்பது, கேட்டால் கேள்வியைத் திரும்ப வாசிப்பது என்று ஒரு நாள் பயிற்சி கொடுத்த பிறகே அனுப்புகிறோம். கடைசி நேரத்தில் ஒருவர் வரமுடியாமல் போனால் எதிரே இருப்பவரின் ஓராண்டு உழைப்பு போய்விடும் என்பதால், ஒவ்வொரு தேர்வுக்கும் மாற்று ஆள் ஒருவரைக் கட்டாயமாக்கியிருக்கிறோம். பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்ட பெற்றோர்களில் சிலர் இப்போது ஒலிப்பதிவுக்கு வருகிறார்கள். இதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

ஜனவரி 4, பார்வையற்றவர்கள் விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தை உருவாக்கிய லூயி பிரெய்ல் பிறந்த நாள்; 2019 முதல் உலக பிரெய்ல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று நம் அலுவலகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவைத்தோம். வருபவர்களின் கண்ணைக் கட்டி நடக்கவைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. செயற்குழு அதை ஏற்கவில்லை. நானும் அந்த முடிவை முழு மனதோடு ஆதரித்தேன். கண்ணைக் கட்டி விட்டால் அச்சமும் பரிதாபமும்தான் மிஞ்சும். பரிதாபப்பட்டவர் நன்கொடை தருவார், திரும்பி வரமாட்டார். அதற்குப் பதிலாக, பார்வையற்ற நம் உறுப்பினர்கள் ஆசிரியர்களாக உட்கார்ந்தார்கள். ஆறு புள்ளிகள், அவற்றிலிருந்து 63 சேர்க்கைகள். முதல் புள்ளி மட்டும் இருந்தால் ‘அ’. பலகையில் தாளைச் செருகி, ஊசியால் வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும். தாளைத் திருப்பினால் புள்ளிகள் மேடாக நிற்கும், இடமிருந்து வலமாகப் படிக்கலாம். சிறுவன் ஒருவன் தன் பெயரைக் குத்தித் திருப்பி, விரலால் தடவிவிட்டு, “ஓர் எழுத்து தப்பா இருக்கே சார்” என்று தானே கண்டுபிடித்தான். கற்றுக்கொடுத்தவருக்கு வந்த சிரிப்பைப் பார்த்தவர்கள் பலர் அன்றே படிவம் வாங்கினார்கள்.

2013-இல் கையெழுத்தாகி 2016-இல் நடைமுறைக்கு வந்த மராக்கேஷ் உடன்படிக்கையைப் பற்றி உறுப்பினர்கள் தெரிந்துகொள்வது அவசியம். அதற்கு முதலில் ஏற்புறுதி அளித்த நாடு இந்தியா. லாப நோக்கமின்றி, பதிப்புரிமையாளரிடம் தனியே அனுமதி வாங்காமல், பிரெய்ல், ஒலிநூல் போன்ற அணுகத்தக்க வடிவில் நூல்களைத் தயாரிக்க அது வழி செய்கிறது. பார்வையற்றவர்கள் மட்டுமல்ல, வாசிப்புக் குறைபாடு உள்ளவர்களும், உடல்நிலையால் புத்தகத்தைக் கையில் பிடிக்கவோ பக்கம் திருப்பவோ முடியாதவர்களும் அதன் பயனாளிகள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகளின் குடும்பங்களும், பக்கவாதத்தால் கை முடங்கியவர்களின் குடும்பங்களும் நம்மிடம் வரத் தொடங்கியது இதனால்தான். கூடவே ஒரு வேண்டுகோள்: இந்தச் சலுகை பயனாளிகளுக்கு மட்டுமே உரியது. உங்கள் குரல் நன்றாக இருக்கிறது என்பதற்காகப் பதிவை வாட்ஸ்அப் குழுக்களில் பகிர வேண்டாம்.

எண்ணிக்கை கூடியதைவிட எனக்கு நிறைவு தருவது இன்னொன்று. நம் நூல்களைப் பயன்படுத்தும் வாசகர்கள் இந்த ஆண்டு உறுப்பினர்களாகியிருக்கிறார்கள். எந்த நூல் முதலில் தேவை என்பதைத் தேர்வுக் குழுவில் அவர்களே முடிவு செய்கிறார்கள். அவர்கள் வந்த பிறகு பட்டியல் மாறிவிட்டது. நாம் கவிதையும் நாவலும் பதிவு செய்துகொண்டிருந்தோம். அவர்கள் வேலைவாய்ப்புத் தேர்வு நூல்களையும், சமையல் அடுப்பின் கையேட்டையும், மருந்துச் சீட்டு வாசித்துச் சொல்ல ஆளையும் கேட்டார்கள். தொலைபேசியில் மருந்துச் சீட்டு வாசிக்கும் முறைப்பணி அப்படித் தொடங்கியதுதான்.

சேர்ந்தவர்கள் எல்லோரும் நிலைத்துவிடவில்லை. விலகியவர்களிடம் பேசியதில் தெரிந்தது, பெயர் கொடுத்த பிறகு பல வாரம் யாரும் கூப்பிடவில்லை என்பதே பலரின் குறை. அது நியாயமான குறை. இனிப் புதிதாக வருபவருக்கு முதல் வாரத்திலேயே ஒரு சிறு வேலையும், சந்தேகம் கேட்க ஒரு பழைய உறுப்பினரின் தொலைபேசி எண்ணும் கொடுக்கப்படும்.

இன்றைய கூட்டத்தின் முடிவுக்கு இரண்டு தீர்மானங்கள் வருகின்றன. மாணவர்களுக்குச் சந்தா இல்லாத இளையோர் உறுப்பினர் பிரிவு ஏற்படுத்துவது ஒன்று. செயற்குழுவில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு இடம் வாசகர் உறுப்பினர்களுக்கு என விதியில் சேர்ப்பது இன்னொன்று. இரண்டையும் நிறைவேற்றித் தர வேண்டும் என்று அன்போடு கேட்கிறேன்.

ஒலிப்பதிவுக்காக மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்க வாசித்தவர்களுக்கும், அதைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுக் கேட்டுத் திருத்தியவர்களுக்கும், தேர்வு மையங்களுக்கு விடியற்காலையில் கிளம்பியவர்களுக்கும், இடம் தந்து உதவிய பள்ளிகளுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. இவ்வறிக்கையை ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்