எங்கள் கடைமடைப் பள்ளிக்கும் தண்ணீர் விடுங்கள்

மதிப்பிற்குரிய வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களுக்கும், மாவட்டக் கல்வி அலுவலர் அவர்களுக்கும், எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும் வணக்கம்.

நான் பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவன். ஷட்டர் ஏற்றி இறக்குவது, நீர்மட்டம் காட்டும் கேஜ் பார்த்துச் சொல்வது, ஆற்றில் தண்ணீர் குறைந்தால் வாய்க்காலுக்கு வாய்க்கால் முறை வைத்து விடுவது, இதுதான் என் வேலையாக இருந்தது. பள்ளிக் கழிப்பறைக்காக இரண்டு மனு கொடுத்தும் பதில் இல்லாததால், எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

வாய்க்காலின் கடைசியில், கடைமடையில் இருக்கும் எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் பெண்பிள்ளைகள் கழிப்பறை எப்படி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். மோட்டார் எரிந்த கதையும், மேல்தொட்டி காய்ந்து கிடக்கும் கதையும் உங்கள் பைலிலேயே இருக்கும். அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. ஒரு தண்ணீர் பாட்டிலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

என் பேத்தி எட்டாவது படிக்கிறாள். காலையில் அவள் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் கொடுப்பது நான். சாயங்காலம் கழுவி வைப்பதும் நான்தான். ஆடி மாத வெயிலில்கூட அந்த பாட்டில் கழுத்து வரை நிறைந்தபடியே திரும்பி வந்தது. ஒருநாள், இரண்டு நாள் மறந்திருப்பாள் என்று நினைத்தேன். அப்புறம் நானே மூடிக்குப் பக்கத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு அனுப்பினேன். நாலு மணிக்கு வந்தபோது தண்ணீர் அந்தக் கோட்டிலேயே நின்றது. கேஜ் பார்த்துப் பழகிய கண் இது, தப்பாகப் பார்க்காது.

அடுத்த வாரம் அவளுக்குக் காய்ச்சல். அடிவயிறு வலி, ஒன்றுக்குப் போனால் எரிச்சல். டாக்டரம்மா மருந்து எழுதுவதற்கு முன்னால் கேட்ட ஒரே கேள்வி, “ஸ்கூல்ல தண்ணி குடிக்கிறியாம்மா?” என்பதுதான். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. தண்ணீர் குடிக்காமல், வருவதையும் மணிக்கணக்கில் அடக்கி வைத்தால் சிறுநீர்ப் பாதையில் கிருமி தங்கிவிடும் என்றார். இந்த வயதுப் பெண்பிள்ளைகள் இதே தொந்தரவோடு நிறையப் பேர் வருகிறார்களாம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள். இருக்கிற கழிப்பறையில் ஒரே ஒரு கதவுதான் உருப்படி, அதிலும் தாழ்ப்பாள் இல்லை. தாழ்ப்பாள் இருந்த ஓட்டையில் தேங்காய்க் கயிறு கோத்திருக்கிறது. உள்ளே ஒருத்தி போனால் வெளியே இன்னொருத்தி அந்தக் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அதற்கு முன்னால் அடிபம்பிலிருந்து இரண்டு பேருமாக ஒரு வாளி தண்ணீர் தூக்கி வர வேண்டும். யார் யாருக்குக் கயிறு பிடிப்பது என்று பிள்ளைகளே முறை வைத்திருக்கிறார்கள். ஆறாம் வகுப்புச் சின்னப் பிள்ளைகளுக்கு முதல் முறை, அவர்களுக்கு அடக்கத் தெரியாது என்று. வயலுக்குத் தண்ணீர் முறை வைத்தவன் நான். பதிமூன்று வயதுப் பிள்ளைகள் இதற்கு முறை வைத்ததைக் கேட்டு அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. பத்து நிமிட இன்டர்வலில் எத்தனை பேருக்கு முறை வரும்? வராதவர்கள் தண்ணீரே குடிப்பதில்லை.

அந்தக் காய்ச்சலுக்கு இரண்டு நாள் முன்னால்தான் பள்ளியில் நல்லொழுக்க விழா நடந்தது. மரியாதை, கனிவு, சுத்தம் பற்றியெல்லாம் பேசினார்கள். நல்ல பேச்சுத்தான், பின்வரிசையில் உட்கார்ந்து நானும் கேட்டேன். பாதியில் என் பேத்தி எழுந்து டீச்சரிடம் போய் ஏதோ கேட்டாள். டீச்சர் தலையை ஆட்டி உட்கார வைத்துவிட்டார். “பெரியவங்க பேசுறப்ப எந்திரிச்சுப் போறது மரியாதையா?” என்றாராம். பக்கத்தில் இருந்த பையன்கள் சிரித்திருக்கிறார்கள். இரண்டு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அந்த டீச்சரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவரும் பள்ளிக்கு எதிர்வீட்டுக் கழிப்பறைக்குத்தான் கூச்சத்தோடு போய் வருகிறார். இருந்தாலும் ஒன்றுக்குப் போகக் கேட்கிற பிள்ளையைப் பத்துப் பேர் முன்னால் கூனிக் குறுக வைத்தால், அந்தப் பிள்ளை அன்று எந்தக் கனிவைக் கற்றுக்கொண்டு வரும்? சிரித்த பையன் எதைக் கற்றிருப்பான்? கயிறு பிடித்து நிற்கிற பிள்ளையிடம் கனிவு இருக்கிறது ஐயா. அதைப் பெரியவர்கள் நாம்தான் திருப்பிக் கொடுக்கவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். கதவுக்குத் தாழ்ப்பாள், குழாயில் தண்ணீர், தினமும் வந்து கழுவ ஒரு ஆள். கேட்கிற பிள்ளையைக் காரணம் கேட்காமல் அனுப்ப வேண்டும்.

இதற்கு எத்தனை இடம் அலைந்தேன்! பள்ளியில் கேட்டால் ஊராட்சி என்றார்கள். ஊராட்சியில் கேட்டால் ஒன்றியம். ஒன்றியத்தில் எஸ்டிமேட் போயிருக்கிறது என்றார்கள். எங்கே போயிருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இலேயே ஆணுக்கும் பெண்ணுக்கும் தனிக் கழிப்பறையும் குடிநீரும் வேண்டும் என்று எழுதிவிட்டது. பிள்ளையை அடிக்கவும் கூடாது, மனம் நோகடிக்கவும் கூடாது என்று 17-ஆம் பிரிவு சொல்கிறது. 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆறு மாதக் கெடு வைத்து எல்லாப் பள்ளியிலும் கழிப்பறை கட்டச் சொன்னது. கட்டினீர்கள். தண்ணீர் விட வேண்டாமா?

2004 ஜூலை 16-இல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைத் தீக்குக் கொடுத்தோம். அதற்கு அப்புறம்தான் பள்ளிகளின் கீற்றுக் கொட்டகைகளைப் பிரித்தார்கள். அந்த வாரம் இந்த டெல்டாவில் அடுப்பு எரியாத வீடுகளை நான் பார்த்தேன். இங்கே யார் உயிரும் போகவில்லை, அதனால் அவசரம் இல்லை என்று யாராவது நினைத்தால், அதை மட்டும் என்னால் பொறுக்க முடியாது.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நல்லதையும் சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்ட் 25-இல் காலை உணவுத் திட்டத்தை எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் கொண்டுபோனபோது, நம் திருக்குவளையில்தான் தொடங்கி வைத்தார்கள். மூன்றாவது படிக்கும் என் பேரன் பள்ளியில்தான் காலையில் சாப்பிடுகிறான். ஓட்டமும் நடையுமாகப் போகிறான், முகமே தெளிந்துவிட்டது. ஊருக்கு ஊர் சுடச்சுடக் காலைச் சாப்பாடு கொடுக்க முடிகிற அரசுக்கு ஒரு குழாயில் தண்ணீர் வரவைப்பது பெரிய காரியம் இல்லை. அதனால்தான் நம்பிக் கேட்கிறேன்.

இன்னொன்று. என் மருமகள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். பள்ளியில் நாப்கின் கொடுக்கிறார்கள், நல்ல காரியம். ஆனால் மாற்ற இடமும் இல்லை, போட ஒரு மூடி போட்ட தொட்டியும் இல்லை. அந்த மூன்று நாளும் பிள்ளைகள் பள்ளிக்கே வருவதில்லை. வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் உங்களுக்கே தெரியும்.

ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தால் நாங்கள் அன்றே கொண்டாடிவிட மாட்டோம். கடைமடைக் கடைசி வயலில் தண்ணீர் ஏறியதா என்று சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்து படுப்போம். எங்கள் அதிகாரிகளும் அதைத்தான் கேட்பார்கள். அதே கேள்வியை நீங்களும் உங்கள் பள்ளிகளைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஒருநாள் சொல்லாமல் வாருங்கள். இன்டர்வல் மணி அடிக்கும்போது அந்தக் கழிப்பறை வாசலில் பத்து நிமிடம் நில்லுங்கள், போதும்.

தாழ்ப்பாள் இரண்டு நானே வாங்கி வைத்திருக்கிறேன், திருகாணியோடு. அரசுக் கட்டடத்தில் வெளியாள் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அனுமதி கொடுத்தால் அன்றைக்கே போய் மாட்டிவிடுவேன். தண்ணீரும் ஆளும் மட்டும் நீங்கள் ஏற்பாடு செய்து கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற லஸ்கர் ஒருவர்,
கடைமடைக் கிராமம்