நாலு பின் கேட்டேன், மூன்று பின் வந்தது: லைட் சென்சார் மாட்யூல் குறித்த புகார்

அனுப்புநர்:
டிவி, ரேடியோ ரிப்பேர் கடை,
செங்கோட்டை, தென்காசி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: விளம்பரத்தில் காட்டியது ஒன்று, அனுப்பியது வேறொன்று. மாற்றித் தருவது அல்லது பணத்தைத் திருப்பித் தருவது தொடர்பாக.

ஐயா / அம்மா,

முப்பது வருடமாக ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். இப்போது டிவி கெட்டால் யாரும் தூக்கிக்கொண்டு வருவதில்லை, புதிது வாங்கிவிடுகிறார்கள். அதனால் சனிக்கிழமை சாயங்காலம் கடையிலேயே பள்ளிப் பிள்ளைகளுக்கு எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுக்கிறேன். செங்கோட்டை, புளியரைப் பிள்ளைகளோடு ஆரியங்காவிலிருந்து பஸ் ஏறி வரும் இரண்டு பேரையும் சேர்த்துப் பதினெட்டுப் பேர். வெளிச்சத்தைத் தேடிப் போகும் சின்ன ரோபோ வண்டிக்கு இரண்டு கண் வேண்டும். ஆளுக்கு இரண்டு என்று 36 லைட் சென்சார் மாட்யூல் உங்களிடம் ஆர்டர் போட்டேன். ஒன்று 62 ரூபாய். கூரியர் 110 சேர்த்து 2,342 ரூபாய் கட்டினேன்.

உங்கள் படத்தில் இருந்தது நாலு பின், அதாவது ஒயர் மாட்டும் நாலு கம்பிக்கால் உள்ள மாட்யூல்: கரண்ட் கொடுக்க விசிசி, கிரவுண்ட்; சென்சார் சொல்வதை வெளியே தர டி0, ஏ0. விவரத்திலும் 'அனலாக் அவுட்புட் உண்டு' என்றே போட்டிருந்தீர்கள்; அது ஏ0-தான். வந்த 36-உம் மூன்று பின். ஏ0 இல்லை.

ஒரு பின் தானே என்று உங்கள் ஆட்கள் நினைக்கிறார்கள். விஷயமே அந்தப் பின்னில்தான் இருக்கிறது. மாட்யூலின் நுனியில், வெளிச்சத்துக்கு ஏற்ப மின்தடை மாறும் எல்.டி.ஆர் இருக்கும். அதன் முகத்தில் நெளிநெளியாக ஒரு கோடு தெரியும். அதுதான் கேட்மியம் சல்பைடு. இருட்டில் அதன் தடை லட்சக்கணக்கான ஓம், நல்ல வெயிலில் சில நூறு ஓம். அந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே வோல்டேஜாக வெளியே தருவது ஏ0. டி0-வில் வருவது அதுவல்ல. எல்.எம்.393 ஐசி அந்த வோல்டேஜை பிரீசெட் என்ற சின்னத் திருகியில் நாம் திருகி வைத்த அளவோடு ஒப்பிட்டு, வெளிச்சம் உண்டு அல்லது இல்லை என்று மட்டும் சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது.

வண்டி நேராகப் போக, இடது கண்ணுக்கும் வலது கண்ணுக்கும் வெளிச்சம் எவ்வளவு வித்தியாசம் என்று தெரிய வேண்டும். உண்டு, இல்லை மட்டும் தெரிந்த வண்டி குடித்தவன் மாதிரி வெட்டி வெட்டி இழுக்கிறது. ஒரு பெண் பிள்ளை டி0-வை ஆர்டுயினோ யூனோ என்ற புரோகிராம் போடும் சின்ன போர்டில் இணைத்து, டார்ச்சை மெதுவாகக் கிட்டே கொண்டுவந்து, அது காட்டும் எண்ணைப் பார்த்தாள். 0 முதல் 1023 வரை கொஞ்சம் கொஞ்சமாக மாற வேண்டியது, 1020-ஐ ஒட்டியே நின்று, சட்டென்று 30-க்கு விழுந்தது. நடுவில் ஒன்றுமே இல்லை. "அண்ணாச்சி, நான் தப்பா கனெக்ஷன் கொடுத்துட்டேனா?" என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது அந்தக் கேள்வியில்தான்.

சீசன் தொடங்கினால் ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேகம் இறங்கி, பட்டப்பகலிலேயே இங்கே மங்கிவிடும். மொட்டைமாடியில் சென்சாரை வைத்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணைக் குறித்து, சாரல் வருவதைக் கிராஃபாகப் போட வேண்டும் என்பது பிள்ளைகளின் திட்டம். டி0-வை வைத்துப் போட்டால் காம்பவுண்டுச் சுவர்தான் வரும்.

மூன்று பின் மாட்யூல் மட்டம் என்று சொல்ல வரவில்லை. பொழுது சாய்ந்ததும் தெருவிளக்கு எரிய அது தாராளமாகப் போதும். நான் கேட்டது அதை அல்ல, அவ்வளவுதான்.

உங்கள் கஸ்டமர் கேருக்கு மூன்று முறை போன் செய்தேன். முதல் முறை, "எல்.இ.டி. எரிகிறதா சார்?" என்றார்கள். எரிகிறது என்றேன். "அப்படியானால் மாட்யூல் நன்றாக இருக்கிறது" என்று புகாரை மூடிவிட்டார்கள். அடுத்த முறை பிரீசெட்டைத் திருகிப் பார்க்கச் சொன்னார்கள். மூன்றாம் முறை புரோகிராமில் லைப்ரரியை, அதாவது அதில் சேர்க்கும் ரெடிமேட் கோடை, மாற்றச் சொன்னார்கள். எந்த லைப்ரரி இல்லாத பின்னை முளைக்க வைக்கும்? பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறீர்கள். இங்கே நிஜமாகவே மூன்று கால்தான், படத்தில்தான் நாலு.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு மாட்யூலில், எல்.டி.ஆரின் காலும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் சேரும் இடத்தில் ஒயர் வைத்துச் சால்டர் செய்து பார்த்தேன். எண் ஒழுங்காக வருகிறது. ஆனால் பதினோரு வயதுப் பையன் கையில் அந்த ஒயர் ஒரு நாள் தாங்காது. அந்த ஒன்றைக் காட்டி வாரண்டி போய்விட்டது என்று சொல்லாதீர்கள். மீதி 35-இல் சால்டரிங் அயர்ன் படவில்லை.

விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் 36 நாலு பின் மாட்யூல்களை அனுப்பிவிட்டு, இவற்றை உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் 2,342 ரூபாயையும் திருப்பித் தாருங்கள். இரண்டும் நடக்காவிட்டால் 1915 என்ற போன் எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்வேன். பில், நீங்கள் போட்டிருந்த படம், வந்த மாட்யூலின் படம் மூன்றையும் இணைத்திருக்கிறேன்.

அப்புறம், போன பார்சலில் மாநிலம் கேரளா என்று அச்சடித்திருந்தீர்கள். அது கொல்லம் வரை போய்விட்டுத் திரும்பி வர நாலு நாள் கூடுதலாக ஆனது. செங்கோட்டை 1956-லேயே திருவிதாங்கூர்ப் பக்கத்திலிருந்து தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டது. இந்த முறையாவது சரியாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்,
செங்கோட்டை.